ஆறு தடவை செத்த மேகமாலா

பம்பாய் ஸ்டுடியோக்களில் ஒரு வழக்கம் இருந்தது. கேமராவுக்கு முன்னால் செத்தவர் சிரிக்காமல் வீட்டுக்குப் போகக்கூடாது. விஷம் குடித்தோ, குண்டடி பட்டோ, காசநோய் கண்டோ, எப்படிச் செத்தாலும் சரி, டைரக்டர் 'ஓகே' சொன்ன பிறகு கேமரா இன்னொரு முறை ஓடும். செத்தவர் கண்ணைத் திறந்து, லென்ஸைப் பார்த்து, பல் தெரியச் சிரிக்க வேண்டும். யாராவது ஓடிவந்து வாயில் ஒரு பால் பேடாவைத் திணிப்பார்கள். சிரிப்பு ஷாட் என்பார்கள். அது படத்தில் வராது. ஆனால் எடுக்காமல் விட்டால் நடித்த சாவு நிஜச் சாவாகிவிடும் என்று லைட்டுக்காரன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் பயம். கோயில் வாசலை மிதிக்காதவன்கூட இந்த விஷயத்தில் மட்டும் விளையாட மாட்டான்.

எசில்டா குட்டினோவுக்கு இந்த வழக்கத்தின் மேல் இருந்த பற்று அவளுடைய பாதிரியாருக்குத் தெரிந்திருந்தால் மனிதர் மயங்கி விழுந்திருப்பார். எசில்டா பாந்திராவில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். நடிகைகளுக்குத் தலை அலங்காரம் செய்வது தொழில். சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்த அவள் புருஷன், ஒருநாள் ரெக்கார்டிங் முடித்து வந்து, மீன் வறுவலைப் புகழ்ந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு சாவை ஒரு சாண் தள்ளி வைக்கும் என்று யார் எதைச் சொன்னாலும் எசில்டா அதை நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மெழுகுவத்தி, மற்ற நாட்களில் கைப்பையில் பேடா.

சுவரொட்டிகளில் மேகமாலா என்று பெயர் போட்ட வத்சலா கான்வில்கருக்கு, முதல் படம் தொட்டுக் கடைசிப் படம் வரை தலைவாரியவள் இந்த எசில்டாதான்.

வத்சலா லால்பாகில், மில் சங்குச் சத்தத்தில் வளர்ந்தவள். அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார். அம்மா யமுனாபாய் மெஸ் நடத்தினாள். ஷிப்டு முடிந்து வருகிற மில் ஆட்களுக்குப் பந்தி பந்தியாகச் சோறும் மீன் குழம்பும் போட்டு, அதட்டி உருட்டி, பெண்ணையும் ஆளாக்கினாள். கணபதி விழா மேடையில் பெண் ஆடியதை ஒரு சினிமாக் கம்பெனி ஏஜெண்ட் பார்த்துவிட்டு டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டான். சாப்பிட்டால் முகம் ஊதித் தெரியும் என்று யமுனாபாய் அன்று காலை பெண்ணைப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க விடவில்லை. முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். "இந்த மூஞ்சியில ஒரு சோகம் இருக்குய்யா" என்றார். அந்த முகத்தில் இருந்தது பசி. ஆனால் முதலாளி சொன்னால் சொன்னதுதான். ஹீரோவின் தங்கையாகப் போட்டு, பாம்பு கடித்துச் சாகவைத்தார்கள்.

அந்தப் பெண் செத்த அழகைப் பார்த்துத் தியேட்டரில் பெண்கள் முந்தானையைப் பிழிந்தார்கள். அதோடு தலையெழுத்து எழுதியாயிற்று. கதையில் ஒரு பெண் சாகவேண்டுமென்றால் எந்தக் கம்பெனியிலும் ஒரே பேச்சுதான்: "சாவு இருக்கா? அப்போ மேகமாலாவைக் கூப்பிடு." அடுத்த படத்தில் காசநோய். அதற்கடுத்ததில் ஹீரோவுக்கு வந்த குண்டைத் தான் வாங்கினாள். ஒன்றில் ஆற்றோடு போனாள், ஒன்றில் பிரசவத்தில் போனாள். நடுவில் ஒரே ஒரு படத்தில் உயிரோடு விட்டார்கள். அந்தப் படம் ஓடவில்லை.

எசில்டாவுக்கு ஒவ்வொரு சாவுக்கும் ஒவ்வொரு தலை. பாம்பு கடித்தால் பின்னல் அவிழக்கூடாது. காசநோய் என்றால் கூந்தலைத் தலையணை முழுக்கப் பரப்ப வேண்டும். முழுகினவளுக்கு எண்ணெய் தடவிக் கன்னத்தோடு ஒட்டவேண்டும். ஷாட் முடிந்ததும் கேமராவுக்குப் பக்கத்தில் பேடாவோடு நின்று கத்துவாள்: "சிரிடி வத்ஸூ!"

"இரு ஆண்ட்டி, இன்னும் கொஞ்ச நேரம் செத்துக்கிடக்கேன். காலையிலேருந்து இப்பத்தான் முதுகைச் சாய்க்க விட்டாங்க."

"வாயைக் கழுவுடி! சிரிடின்னா!"

அவள் ஒரு கண்ணை மட்டும் திறப்பாள். பிறகு வாய் கொள்ளாமல் சிரிப்பாள். கேமரா கர்ரென்று ஓடும். எசில்டா பேடாவைத் திணித்துவிட்டு, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பாள். அதுவரை ஒரு பருக்கை உள்ளே போகாது.

"இந்தச் சிரிப்பையெல்லாம் என்ன பண்ணுவாங்க ஆண்ட்டி? எல்லாத்தையும் சேர்த்து ஒட்டினா ஒரு முழுப் படம் வருமே" என்று ஒருநாள் கேட்டாள் வத்சலா.

"எங்கேயோ பத்திரமா வெச்சிருப்பாங்க. உனக்கு எதுக்கு அது? தலையை ஆட்டாதே."

யமுனாபாய்க்கும் எசில்டாவுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. செட்டில் அம்மாவுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கும். அதில் உட்கார்ந்துகொண்டு, "எண்ணெய் ஜாஸ்தி", "பூ இந்தப் பக்கம்", "என் பொண்ணு மண்டை என்ன தேங்காயா, இந்த இழுப்பு இழுக்கறே?" என்று யமுனாபாய் சொல்லிக்கொண்டே இருப்பாள். "மெஸ்ஸுல கரண்டி பிடிச்ச கை சீப்பைப் பத்திப் பேசுது பாரு" என்று எசில்டா சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அந்தப் பெண் கண்ணாடியில் சிரித்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் ஒரு படத்தில் அவளே ஹீரோயின். கதைப்படி கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கிழவியாகி உட்கார்ந்திருப்பாள். எசில்டா நரைமுடி விக்கூட தயார் செய்துவிட்டாள். பாதிப் படம் எடுத்த பிறகு விநியோகஸ்தர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். மேகமாலா சாகவில்லை என்றால் பெண்கள் டிக்கெட் வாங்க மாட்டார்களாம். கதை மாறிற்று. கல்யாணச் சேலையோடு ஹீரோ மடியில் சாவு. "பரவாயில்ல ஆண்ட்டி, எனக்கு மனப்பாடமான வேலைதானே" என்று வத்சலா சிரித்தாள். எசில்டாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த நரைமுடியை அவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

அந்தச் சாவுதான் படத்தின் கடைசி ஷாட். செம்பூரில் ஒரு ஸ்டுடியோ. டைரக்டர் 'ஓகே' என்றதும் எசில்டா கைப்பையைத் திறந்தாள். பேடா டப்பா முழுக்க எறும்பு. எறும்பு மொய்த்த பேடாவை எப்படி வாயில் வைப்பது? கேட்டுக்கு வெளியே இருந்த மிட்டாய்க் கடைக்கு ஓடினாள். கடையில் கல்யாண ஆர்டர், ஒரே கூட்டம். வாங்கிக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது செட்டில் விளக்கு அணைந்திருந்தது, பெண்ணையும் காணோம். "எல்லாம் முடிஞ்சுது, மேகமாலா பேபியும் போயாச்சு" என்றான் ஒரு லைட்டுக்காரன். எல்லாம் என்றால் சிரிப்பும்தானே என்று எசில்டா நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் வந்தது. வத்சலாவுக்கு ஜுரம் கண்டது. சாதாரண ஜுரம் என்றுதான் கஷாயம் கொடுத்தார்கள். ஒரு விடியற்காலையில் நெஞ்சு நின்றுபோயிற்று. சின்ன வயதிலிருந்தே இதயம் பலவீனமாக இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை என்றார் டாக்டர். இருபத்து மூன்று வயது. பத்திரிகையில் மூலையில் ஒரு போட்டோ போட்டார்கள். அதிலும் பாவிகள், அவள் சாகிற காட்சிதான்.

தீபாவளிக்குப் படம் வெளியாகும் என்று சுவரொட்டி ஒட்டிய வாரம், எசில்டாவின் வீட்டு வாசலில் யமுனாபாய் வந்து நின்றாள். எசில்டாவுக்கு முதலில் ஆள் அடையாளமே தெரியவில்லை. ஆள் பாதியாக இருந்தாள். வளையல் முழங்கை வரை சரிந்தது. எசில்டா தட்டில் சோறு போட்டு வைத்தாள். யமுனாபாய் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"டீ மட்டும் குடு. சோறு இறங்கறதில்ல. மெஸ்ஸை மூடிட்டேன்."

டீயையும் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்குச் சிரிப்பு ஷாட் எடுத்தாங்களா, எசில்டா?"

எசில்டா விழித்தாள்.

"ஓகே ஆனதும் நான் டாக்சி பிடிக்கப் போயிட்டேன். வேற ஒரு சேட் வீட்டுல பார்ட்டி. அடுத்த படத்துக்கு அவளை ஹீரோயினா போடறேன்னான், சாவே இல்லாத படம்னான். திரும்பி வந்தா எழுந்து நின்னுக்கிட்டிருந்தா. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டேன். நடுவுல அவ சிரிச்சாளா இல்லையா? நீதானே எப்பவும் சிரிக்க வெப்பே? சிரிச்சிருந்தா அவ விதின்னு கிடந்துடுவேன். சிரிக்கலேன்னா... நான்தான் இழுத்துட்டுப் போய்க் கொன்னேன்."

"டாக்டர்தான் இதயம்னு சொன்னாரே..."

"டாக்டருக்கு என்ன தெரியும்? அவன் சினிமாக்காரனா?"

எசில்டாவும் அப்படித்தானே நம்பினாள்! எறும்பைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. "விசாரிச்சுட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்றாள்.

"நீ சொல்லு, அப்புறம் பார்க்கலாம். படத்துக்கு வரச்சொல்லி முதலாளி பாஸ் அனுப்பியிருக்கான். சிரிக்காத சாவை நான் எப்படிப் போய்ப் பார்ப்பேன்?"

எசில்டா ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினாள். சினிமாக்காரர்களிடம் நடந்ததைக் கேட்டால் நடந்தது மட்டும் வராது. ஒருவன் அவள் சிரித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தான். அவன் அன்று லீவில் இருந்தது பிறகு தெரிந்தது. இன்னொருவன் அவள் அழுதாள் என்றான். மேக்கப்மேன் கரண்ட் போய்விட்டது என்றான். மனிதர்கள்தான் ஆளுக்கொன்று சொல்வார்கள், கேமரா சொல்லாதே என்று எசில்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் துண்டுப் பிலிமையே பார்த்துவிட்டால் போயிற்று. கேமரா அசிஸ்டெண்ட் சோராபைத் தேடிப் போனாள்.

சோராப் வயசான பார்சி. ஆளைவிட மூக்கு முன்னால் வரும். தூரிகையால் லென்ஸில் தூசி தட்டிக்கொண்டிருந்தவன், அவள் கேட்டதும் தூரிகையைக் கீழே வைத்தான்.

"சிரிப்பு ஷாட் பிலிமா? அது எங்கேயும் இருக்காதே."

"தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"போடறதுக்கு இருந்தாத்தானே? யார்கிட்டயும் சொல்லாதே. சிரிப்பு ஷாட்டுக்குக் கேமராவுல பிலிமே போடமாட்டோம்."

எசில்டாவுக்கு முதலில் புரியவில்லை.

"பிலிம் என்ன விலை விக்குது, சர்க்கார் எவ்வளவு கோட்டா குடுக்கறான்னு உனக்குத் தெரியாதா? படத்துல வராத சிரிப்புக்கு எந்த முதலாளி பிலிம் குடுப்பான்? காலி டப்பாவை மாட்டி சுவிட்சைப் போடுவோம். கர்ருனு சத்தம் வரும். செத்தவன் சிரிப்பான், நாங்களும் பேடா தின்போம். எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்தவனும் இப்படித்தான், அவனுக்குச் சொல்லிக்குடுத்தவனும் இப்படித்தான்."

"எல்லாச் சிரிப்புக்குமா?"

"எல்லாத்துக்கும். வில்லன் மதன்சிங் எத்தனை தடவை செத்திருப்பான்? நாப்பதா? ஒரு தடவைகூட அவன் சிரிப்பு பிலிம்ல விழலே. அந்தத் தடியன் இப்பக்கூடக் கேண்டீன்ல ஆறாவது ஆம்லெட் தின்னுக்கிட்டிருக்கான், போய்ப் பாரு."

எசில்டா கைப்பையை ஓங்கிவிட்டாள். இத்தனை வருஷமாகக் காலி டப்பாவுக்கு முன்னாலா பேடாவோடு நின்றாள்? காலி டப்பாவுக்கா சிலுவை போட்டாள்?

"அடிக்கறதுன்னா அடி. ஆனா உன் பொண்ணுக்கு இது தெரியும்" என்றான் சோராப்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"மூணாவது படத்திலேயே கண்டுபிடிச்சுட்டா. சும்மா இருக்கிற பொண்ணா அது? என் சிரிப்பெல்லாம் எங்கே போகுதுன்னு குடைஞ்சுக்கிட்டே இருந்தா. ஒருநாள் நான் அந்தப் பக்கம் திரும்பினதும் கேமராக் கதவைத் திறந்து பார்த்துட்டா. உள்ளே ஒண்ணுமில்ல. நான் நடுங்கிப் போயிட்டேன். அவ உதட்டுல விரலை வெச்சு, 'ஆண்ட்டிகிட்ட சொல்லிடாதே சோராப் அங்கிள். நான் சிரிக்கலேன்னா அவங்க சாப்பிட மாட்டாங்க'ன்னா."

எசில்டா அங்கிருந்த பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு?"

"அன்னைக்கு அந்தக் காலி டப்பாச் சிரிப்புகூட நடக்கலே. 'பேபி, சிரிப்பு'ன்னு கூப்பிட்டேன். 'ஆண்ட்டி வரட்டும், அவங்க இல்லாம யாருக்குச் சிரிக்கறது'ன்னு நின்னா. அதுக்குள்ள அம்மா வந்து இழுத்துட்டுப் போயிட்டா."

எசில்டா ரயிலேறினாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அழுதாள். லேடீஸ் பெட்டியில் அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பரேலில் இறங்கும்போது ஒரு முடிவோடு இறங்கினாள். சிரித்தாள் என்று சொல்லிவிட வேண்டியது. ஒரு பொய்தானே, பாவமன்னிப்பில் சொல்லிக்கொள்ளலாம். ஒருத்தி சோறு தின்றால் போதும்.

லால்பாகில் அந்தப் பழைய மெஸ்ஸில் பெஞ்சுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தது. பெரிய அடுப்பில் பூனை படுத்திருந்தது. யமுனாபாய் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"சிரிச்சா. நானே பக்கத்துல நின்னேன். நல்லா சிரிச்சா" என்றாள் எசில்டா.

"பேடா குடுத்தியா?"

"குடுக்காமலா? வாய் நிறைய வெச்சேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தாள். சோறு போட்டே பிழைத்தவளிடமா அது நடக்கும்?

"பொய் சொல்றே. அவ வாயில பேடா வாசனையே இல்ல. டாக்சியில ஏறினதுமே பசிக்குது பசிக்குதுன்னு என்னைப் பிடுங்கி எடுத்தா. நீ அங்கே இல்லே, எசில்டா. அவ சிரிக்கலே."

எசில்டாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எறும்பிலிருந்து ஆரம்பித்துக் காலி டப்பா வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எவன் சிரிப்பும் பிலிமில் விழவில்லை, இந்த ஊரில் ஒருவன் சிரிப்பும் விழவில்லை, சிரிப்பு ஷாட் இல்லாமல்தான் அத்தனை பேரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்கள் என்று கத்தினாள்.

யமுனாபாய் கடைசி வரை கேட்டுவிட்டு, "மதன்சிங்குமா?" என்றாள்.

"நாப்பது தடவை. ஆம்லெட் தின்னுக்கிட்டிருக்கான்."

யமுனாபாய் எசில்டாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"டாக்சியில சிரிச்சா" என்றாள் திடீரென்று.

"என்ன?"

"எனக்கு மறந்தே போச்சு பாரேன். கேமராவையே நினைச்சு நினைச்சு அது மறந்தே போச்சு. டாக்சி சீட்டுல தலையைத் தொங்கப் போட்டு, நாக்கை வெளியே நீட்டி, செத்த மாதிரி கிடந்தா. கண்ணாடியில பார்த்த டிரைவர் சர்தார்ஜி பயந்து போய் நடு ரோட்டுல பிரேக் போட்டுட்டான். இவ ஒரு கண்ணைத் திறந்து, 'எப்படி சர்தார்ஜி, நல்லா செத்தேனா?'ன்னா. அவன் கத்தின கத்து! அப்புறம் தாதர் வர்ற வரைக்கும் சிரிச்சா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா." அவள் நெற்றியில் அறைந்துகொண்டாள். "நான்தான், 'வாயை மூடுடி, தலை கலையுது'ன்னு அதட்டினேன்."

"மூடினாளா?"

"எங்கே மூடினா? கையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா."

பெண் போனதிலிருந்து அழாதவள், அன்று எசில்டாவின் மடியில் விழுந்து அழுதாள். எசில்டாவும் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, யமுனாபாய் பூனையை விரட்டி அடுப்பைப் பற்றவைத்தாள். சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆயிற்று. ஒரு வாய் வைத்துவிட்டு எசில்டா, "உப்பு கம்மி" என்றாள். "இத்தனை வருஷம் மில்லுக்காரன் ஒருத்தன் சொன்னதில்ல, நீ சொல்ல வந்துட்டியா!" என்று யமுனாபாய் சீறிக்கொண்டே இன்னொரு கரண்டி சோற்றைத் தனக்குப் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மேட்னி. இரண்டு பேரும் ஒன்றாகவே போனார்கள். கல்யாணச் சேலையோடு ஹீரோ மடியில் மேகமாலா சாய்ந்தாள். கண் மெல்ல மூடியது. தியேட்டரே விசும்பியது. எசில்டா கைப்பையிலிருந்து இரண்டு பேடாவை எடுத்து ஒன்றை யமுனாபாயிடம் நீட்டினாள். யமுனாபாய் அதை வாயில் போட்டுக்கொண்டு எசில்டா பக்கம் திரும்பி, நாக்கை வெளியே நீட்டி, ஒரு கண்ணை மட்டும் திறந்து காட்டினாள். அவ்வளவுதான். எசில்டாவால் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் கண்ணீர் வழியச் சிரித்தார்கள்.

முன் வரிசைப் பெண் ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "அங்கே ஒரு பொண்ணு செத்துக்கிடக்கு, இங்கே பல்லை இளிக்கறீங்களே! உங்களுக்கெல்லாம் பெத்த பிள்ளை இல்லையா?"

"இருக்கே" என்று யமுனாபாய் திரையைக் காட்டினாள்.